பாத்ரூம்: ரிப்பேர் போதுமா, உடைத்துப் புதுப்பிக்கணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு பழுதுபார்க்கும் வேலையில் இருப்பதால், என்னிடம் அதிகம் பேர் கேட்பது பாத்ரூம் பற்றித்தான். ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாமா, உடைத்தே ஆகணுமா என்பதுதான் எல்லாருடைய சந்தேகமும். நான் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியும் பழுதை வைத்து முடிவெடுக்காதீர்கள், தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன்.

ரிப்பேர்னா எதுவரைக்கும்? எதைத் தாண்டினா அது முழு வேலை ஆயிடுது?

நான் கோடு போடுவது டைல்ஸுக்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சில், அதாவது வாட்டர்ப்ரூஃபிங்கில். அதைத் தொடாமல் முடிகிற எல்லாம் ரிப்பேர்: குழாய், ஷவர், ஃப்ளஷ் டேங்க், கமோடு, வாஷ் பேசின் மாற்றுவது, டைல்ஸ் இடுக்கை நிரப்பும் கிரவுட் கலவையைப் புதிதாக அடைப்பது, மூலைகளில் சிலிக்கான் போடுவது, ஓரிரு டைல்ஸைக் கழற்றி ஒட்டுவது.

பூச்சு போய்விட்டது, அல்லது பூச்சுக்குக் கீழே இருக்கும் குழாயை மாற்றியாக வேண்டும் என்றால், அது பெரிய வேலையின் பக்கம் போய்விடுகிறது. ஏனென்றால் அந்தப் பூச்சு ஒரே விரிப்பாகத் தரை முழுக்கப் பரவி, சுவரிலும் ஏறி இருக்க வேண்டியது. நடுவில் வெட்டி ஒட்டுப்போட்டால் பழையதும் புதியதும் சேரும் இடம் பலவீனமாகவே இருக்கும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, கடைசிக் கேள்வியில் வரும்.

டைல்ஸ் எல்லாம் பளபளன்னு நல்லாத்தானே இருக்கு? அப்புறம் எப்படிக் கீழ கசியுது?

தண்ணீரைத் தடுப்பது டைல்ஸ் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நல்ல டைல் தண்ணீரை உள்ளே விடாது, உண்மைதான். ஆனால் டைலுக்கும் டைலுக்கும் இடையில் இருக்கும் சிமென்ட் கிரவுட் தண்ணீரை மெல்ல மெல்லக் குடிக்கும். தரையும் சுவரும் சேரும் மூலையில் கட்டடத்தின் சின்ன அசைவுக்கே மயிரிழை விரிசல் விழும். இப்படி இறங்கும் தண்ணீரைக் கீழே போகவிடாமல் நிறுத்துவது அடியில் இருக்கும் பூச்சுதான்.

அந்தப் பூச்சு வயதாகி வெடித்திருந்தாலோ, முதலிலேயே சரியாகப் போடாமல் விட்டிருந்தாலோ, மேலே டைல்ஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் கசிவு வரும். இதற்கு நேர்மாறாக, டைல்ஸ் கறை பிடித்து அசிங்கமாக இருக்கும் பாத்ரூமில் அடிப்பூச்சு கல்லுமாதிரி உறுதியாக இருப்பதும் உண்டு. அதை உடைத்தால் நன்றாக இருந்த ஒன்றை நாமே கெடுத்ததாகிவிடும்.

உடைக்காமலே கசிவு எங்கிருந்துன்னு கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். இதற்கு நான்கைந்து நாள் பொறுமை வேண்டும். உடைப்பதற்கு முன் செலவிடும் இந்த நாட்கள்தான் மொத்த வேலையிலும் லாபமானவை. முதலில் கசிவு வரும் நேரத்தைக் கவனியுங்கள். ராத்திரி பகல் பார்க்காமல் ஒரே சீராகச் சொட்டினால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயைச் சந்தேகப்படுங்கள். குளித்து அல்லது ஃப்ளஷ் செய்து கொஞ்ச நேரத்தில் சொட்டி, பிறகு நின்றுவிட்டால் கழிவுநீர்க் குழாய் அல்லது அதன் மூட்டு. சொட்டாமல் ஓதமாகப் பரவி, காய நாளெடுத்தால் அடிப்பூச்சு.

அடுத்து உறுதிசெய்வது. வீட்டில் எல்லா குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள், முள் நகர்ந்தால் எங்கோ அழுத்தக் குழாய் கசிகிறது. மீட்டர் இல்லாமல் மேல்நிலைத் தொட்டி இருந்தால், மோட்டாரைப் போடாமல் இரவு நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் உணவுச் சாயம் கலந்து அரை மணி நேரம் விடுங்கள். ஃப்ளஷ் செய்யாமலே கமோடுக்குள் நிறம் வந்தால் டேங்கின் அடி வாஷர் கசிகிறது. அதற்கும் கீழ்ச் சீலிங்குக்கும் சம்பந்தமில்லை.

கடைசியாகத் தண்ணீர் நிறுத்திப் பார்க்கும் சோதனை. தரை வடிகால் வாயை இறுக்கமாக அடைத்து, வாசல்படி தாண்டாத அளவுக்கு 2 முதல் 5 செ.மீ. தண்ணீர் நிறுத்துங்கள். மட்டத்தைப் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். கொஞ்சம் ஆவியாகும், அது பரவாயில்லை. கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால், அல்லது கீழே ஓதம் அதிகமானால், தரைப்பூச்சு போய்விட்டது. மட்டம் அப்படியே நின்று, அடைப்பை எடுத்துத் தண்ணீரை வடியவிட்டதும் கீழே சொட்ட ஆரம்பித்தால் தரை நன்றாக இருக்கிறது, குறை வடிகால் குழாயில். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே முழுத்தரையை உடைப்பதிலிருந்து பல பாத்ரூம்கள் தப்பிக்கும். ஏற்கெனவே கீழே ஊற்றாகக் கொட்டுகிறது, கான்கிரீட் உதிர்கிறது என்றால் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

மூணு நாலு டைல்ஸ் ஆடுது. எல்லாத்தையும் மாத்தணுமா?

ஒரு ஸ்க்ரூட்ரைவரின் கைப்பிடியால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே போங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் டைல் கெட்டியாக ஒலிக்கும், பிடிப்பு விட்டது காலிப் பெட்டிபோல் ஒலிக்கும். காலியாக ஒலிப்பதை எல்லாம் சாக்பீஸால் குறியிடுங்கள். குறிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால், அவற்றை மட்டும் கழற்றி ஒட்டினால் போதும். வடிகாலைச் சுற்றியோ ஷவருக்கு நேர் கீழேயோ திட்டாகச் சேர்ந்திருந்தால் அடியில் தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலியாக இருந்தால் நான் ஒட்டுவேலைக்கு ஆதரவு தரமாட்டேன்.

ஒரு டைலைக் கழற்றும்போது அடியில் கையை வைத்துப் பாருங்கள். கலவை ஈரமாக, மண்ணாக உதிர்ந்தால் அந்த ஒரு டைல் முழுத்தரையின் கதையையும் சொல்லிவிடும்.

கிரவுட் எல்லாம் கறுத்துப்போச்சு, மூலையில பூஞ்சை. இதுக்கே முழுசா மாத்தச் சொல்றாங்களே?

வேண்டாம். இது ரிப்பேர்தான். பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடையுங்கள். மேலாகப் பூசினால் சில மாதத்தில் பொருக்காக வந்துவிடும், குறைந்தது 3 மி.மீ. ஆழத்துக்காவது பழையது வெளியே வரவேண்டும். சிமென்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்சி கிரவுட் தண்ணீர் குடிக்காது, கறையும் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் சீக்கிரம் இறுகும் என்பதால் கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுங்கள். தரையும் சுவரும் சேரும் மூலையில் கிரவுட்டுக்குப் பதில் பூஞ்சை எதிர்ப்புச் சிலிக்கான் போடச் சொல்லுங்கள். அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், விரிசல் விடாது. பழைய சிலிக்கானைச் சுத்தமாக எடுத்து, இடம் நன்றாகக் காய்ந்த பிறகே புதியதைப் போட வேண்டும்.

அப்புறம், பூஞ்சைக்கு மூலகாரணம் காற்றோட்டக் குறைவு. குளித்து முடித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் அரை மணி நேரம் ஓடட்டும். கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளியாவது இருக்கட்டும், உள்ளே காற்று வராமல் வெளியே தள்ள எந்த ஃபேனாலும் முடியாது. இதைச் சரிசெய்யாமல் புது டைல்ஸ் ஒட்டினாலும் அடுத்த மழைக்காலத்தில் அதே கறுப்பு திரும்ப வரும்.

எவ்வளவு கழுவினாலும் நாத்தம் போகல. தரைக்கடியில ஏதாவது உடைஞ்சிருக்குமா?

முதலில் தரை வடிகாலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உள்ளே வளைவில் 5 செ.மீ. அளவுக்கு எப்போதும் தண்ணீர் நின்று, சாக்கடைக் காற்றை மேலே வராமல் தடுக்கும். சில வாரங்கள் யாரும் பயன்படுத்தாமல் விட்டால் அது வற்றிவிடும். ஊற்றியதும் நாற்றம் நின்றால் பிரச்சினை முடிந்தது.

ஊற்றியும் மறுபடி வருகிறது, கமோடில் ஃப்ளஷ் செய்யும்போது தரை வடிகாலில் குடுகுடுவென்று சத்தம் கேட்கிறது என்றால், கழிவுக்குழாய்க்குள் காற்று விடும் காற்றுக்குழாய் அடைத்திருக்கலாம் அல்லது இல்லாமலே இருக்கலாம். உறிஞ்சலில் வளைவுத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. இதைப் பெரும்பாலும் வெளிச்சுவர்ப் பக்கமாகவே சரிசெய்யலாம். கமோடின் அடியிலிருந்து நாற்றம் வந்து, உட்கார்ந்தால் ஆடவும் செய்தால் அடிச் சீல் போய்விட்டது. கமோடைத் தூக்கி மறுபடி பொருத்தினால் போதும். இந்த மூன்றில் எதற்கும் தரையை உடைக்க வேண்டியதில்லை.

சுவத்துக்குள்ள இருக்கிற டைவர்ட்டர் கசியுது. சுவத்தை உடைக்கணுமா?

டைவர்ட்டர் என்பது தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும் வால்வு. அதற்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜை, அதாவது திருப்பும் உள்பாகத்தை, பெரும்பாலான மாடல்களில் முன்பக்கமாகவே கழற்றி மாற்றலாம். சுவரைத் தொட வேண்டாம். மாடல் பழசாகி உதிரிபாகமே கிடைக்காதபோதுதான் சுவரில் இரண்டு மூன்று டைல்ஸ் போகும். மாற்று டைல்ஸ் கைவசம் இல்லையென்றால், அந்த இடத்தில் வேறு நிறப் பட்டையாக மேலிருந்து கீழ்வரை ஒட்டிவிடலாம். பார்க்க வேண்டுமென்றே செய்ததுபோல் நன்றாகவே இருக்கும்.

தண்ணி வரத்து குறைஞ்சுகிட்டே போகுது. காலையில முதல் தண்ணி செம்மண் நிறத்துல வருது.

வரத்து மட்டும் குறைந்திருந்தால் குழாய் வாயிலும் ஷவரிலும் இருக்கும் சல்லடையைக் கழற்றி உப்புப் படிவைச் சுத்தம் செய்யுங்கள். பல நேரம் அதோடு சரியாகிவிடும்.

காலையில் நிறத்தோடும் வந்தால் விஷயம் வேறு. பழைய ஜி.ஐ. குழாயின், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயின், பூச்சு தேய்ந்து உள்பக்கம் துருப்பிடித்திருக்கிறது. துரு உள்ளேயே வளர்ந்து துவாரத்தைச் சுருக்கிவிடும். இந்த நிலையில் ஒரு துண்டை மட்டும் மாற்றச் சொன்னால் அனுபவமுள்ள பிளம்பர் தயங்குவார். ஒரு மூட்டைத் திருகும் விசையில் அடுத்த பழைய மூட்டு கசியத் தொடங்கும் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு வழி உண்டு. பழைய குழாயைச் சுவருக்குள்ளேயே கைவிட்டு, புதுக் குழாயைச் சுவருக்கு வெளியே ஓட்டலாம். பார்வைக்குச் சுமார்தான், ஆனால் உடைப்பு இல்லை. அல்லது சுவரைத் திறந்து முழுவதும் மாற்றலாம். சுவரைத் திறப்பதென்றால் தரையின் வயதையும் சேர்த்துக் கணக்கில் எடுங்கள். சுடுதண்ணீருக்குச் சாதாரண பி.வி.சி. கூடாது, சூட்டில் இளகும். சி.பி.வி.சி. அல்லது பி.பி.ஆர். போன்ற சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய்கள் வேண்டும்.

எதைப் பார்த்தா இனிமே யோசிக்கவே கூடாது?

கீழ்ச் சீலிங்கில் துருக்கறை, கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி போகும் திசையிலேயே நீளமான விரிசல், கான்கிரீட் செதில்செதிலாக விழுவது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும், அந்த அழுத்தம் கான்கிரீட்டைப் பிளக்கும். இங்கே பிரச்சினை பாத்ரூமைத் தாண்டித் தளத்தின் வலிமைக்குப் போய்விட்டது. கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் மேலே பூசி மறைக்கவே கூடாது. முதலில் தளத்தைச் சரிசெய்து, பிறகு மேலே முழுப் புதுப்பிப்பு.

இன்னொன்று இதைவிட அவசரம். குழாயையோ ஈரச் சுவரையோ தொட்டால் கையில் சுரீரென்று மின்சாரம் தட்டினால், மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதுவரை யாரும் அங்கே குளிக்க வேண்டாம். பாத்ரூம் மின்சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே தானாக அணைந்துவிடும் பாதுகாப்பு சாதனம் இருக்க வேண்டும். ரிப்பேரோ புதுப்பிப்போ, எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதை விடாதீர்கள்.

சீலிங்கில ஊசி போட்டு கெமிக்கல் ஏத்துறாங்களே, மேல தரையில திரவம் பூசுறாங்களே, அதெல்லாம் வேலை செய்யுமா?

இடம் அறிந்து செய்தால் செய்யும். தரையில் பூசும் ஊடுருவும் திரவம் கிரவுட்டில் உள்ள நுண்துளைகளை அடைக்கும். கசிவு லேசாக, கிரவுட் வழியாக மட்டும் என்றால் சில காலம் நிம்மதி கிடைக்கும். ஊசி மூலம் ஏற்றும் பாலியூரித்தேன் என்ற ரசாயனம் விரிசலுக்குள் நுரைத்து அதை அடைக்கும். குழாய் தளத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் வரும் கசிவுக்கு அது நல்ல வைத்தியம்.

ஆனால் மேலே தண்ணீர் இறங்குவதை நிறுத்தாமல் கீழே மட்டும் அடைத்தால், தண்ணீர் தளத்துக்குள்ளேயே நிற்கும், அல்லது பக்கத்தில் வேறு இடம் தேடி வெளியே வரும். கம்பிக்கு இது நல்லதில்லை. ஆகவே, ஓர் ஆண்டு தள்ளிப்போட வேண்டிய நிலை இருந்தால் செய்துகொள்ளுங்கள். நிரந்தரத் தீர்வு என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

பழைய டைல்ஸ் மேலயே புது டைல்ஸ் ஒட்டலாமா? உடைக்கிற தொல்லை இல்லையே.

அடியில் கசிவு இல்லை, தட்டிப் பார்த்ததில் எதுவும் காலியாக ஒலிக்கவில்லை, தரை வாட்டம் சரியாக இருக்கிறது: இந்த மூன்றும் பொருந்தினால் ஒட்டலாம். வழவழப்பான டைல் மேல் சாதாரண சிமென்ட் கலவை பிடிக்காது. அதற்கென்று உள்ள பசைதான் வேண்டும். கசிவு இருக்கும் தரையின் மேல் ஒட்டுவது, நோயை மூடிவைத்து அதற்கு மேல் செலவும் செய்வது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத சில சங்கடங்களும் உண்டு. தரை ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. வரை உயரும், கதவின் அடியை அறுக்க வேண்டும். வெளியே இருக்கும் அறையைவிட பாத்ரூம் தரை தாழ்ந்திருந்தால்தான் தண்ணீர் வெளியே வராது, அந்தத் தாழ்வு குறைந்துவிடும். சுவரிலும் ஒட்டினால் குழாய்களின் திருகு உள்ளே போய்விடும், நீட்டிப்பு போட வேண்டும். கமோடின் கழிவுத் துளைக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரம் குறையும். 30 செ.மீ. தூரத்துக்கு வாங்கிய கமோடு பிறகு பின்னால் இடிக்கும். ஒட்டுவதற்கு முன்பே இதை அளந்துவிடுங்கள்.

தரையை மட்டும் மாத்திட்டு சுவத்தை விட்டுடலாமா?

விடலாம், ஒரு நிபந்தனையோடு. சுவரின் கீழ்வரிசை டைல்ஸையும் எடுக்க வேண்டும். தரைப்பூச்சு மூலையில் நிற்காமல் சுவரில் 15 முதல் 30 செ.மீ. வரை ஏற வேண்டும், அப்போதுதான் அது தொட்டிபோல் தண்ணீரைத் தாங்கும். தரை டைல்ஸை மட்டும் உரித்து மூலைவரை பூசி நிறுத்தும் வேலை மூலையிலேயே தோற்றுப்போகும். எடுத்த கீழ்வரிசையில் பழைய டைலே கிடைக்காது என்பதால், வேறு நிறத்தில் ஒரு ஓரப்பட்டையாகத் திட்டமிடுங்கள்.

ஷவர் விழும் சுவரில் மேல்வரை ஓதம் ஏறி, அடுத்த அறைப் பக்கம் பெயிண்ட் கொப்பளித்து உப்பு பூத்திருந்தால், அந்தச் சுவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே பூச்சு ஆள் உயரத்துக்கு ஏற வேண்டும். மற்ற மூன்று சுவர்களைத் தொட வேண்டிய அவசியம் இல்லை.

எங்களது தாழ்த்திப் போட்ட தளம். பாத்ரூமை ஒரு வாரம் பூட்டி வச்சும் கீழ சொட்டுது. எப்படி?

குழாய்களை மறைப்பதற்காகத் தளத்தை ஓர் அடிபோலத் தாழ்த்திப் போட்டு, அந்தப் பள்ளத்தைச் செங்கல் உடைசல் போட்டு நிரப்பியிருப்பார்கள். பல ஆண்டுகளாக இறங்கிய தண்ணீர் அந்த உடைசலில் தேங்கியிருக்கும். பூட்டி வைத்தாலும் அந்தச் சேமிப்பு வாரக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால், பயன்படுத்தாமலும் சொட்டினால் அழுத்தக் குழாய்தான் என்று நான் மேலே சொன்ன கணக்கு இங்கே ஏமாற்றும். மீட்டரைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

பள்ளத்தில் தண்ணீர் நிற்பது உறுதியானால், மேலே எதைப் பூசினாலும் பயனில்லை. உடைசலை முழுவதும் அள்ளி வெளியே போட்டு, பள்ளத்தின் அடியிலும் பக்கங்களிலும் ஒரு பூச்சு, குழாய்களைப் புதிதாகப் போட்டுச் சோதித்த பின் நிரப்பல், அதன்மேல் டைல்ஸுக்கு அடியில் இன்னொரு பூச்சு என்று இரண்டு அடுக்காகச் செய்ய வேண்டும். பெரிய வேலைதான். ஆனால் இந்த வகைத் தளத்தில் அரைகுறையாகச் செய்து நிம்மதியடைந்த வீட்டை நான் பார்த்ததில்லை.

உடைக்கிறதுதான் உடைக்கிறோம், கமோடை எதிர்ப்பக்கம் மாத்திடலாமா?

வாஷ் பேசினையும் ஷவரையும் நகர்த்துவது எளிது. கமோடு அப்படியில்லை. அதன் கழிவுக்குழாய் சுமார் 10 செ.மீ. அகலமானது, அது மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு செ.மீ. சரிவோடு போக வேண்டும். தரைக்கடியில் அதற்கு இடம் இல்லையென்றால் தரையை உயர்த்த வேண்டியிருக்கும், உள்ளே படி ஏறிப் போவதுபோல் ஆகிவிடும். தேவை உண்மையாக இருந்தால் செய்யுங்கள். அழகுக்காக மட்டும் என்றால் இருந்த இடத்திலேயே விடுவது நல்லது. பழைய இடம் அடைப்பில்லாமல் ஓடுகிறது என்பதே பெரிய தகுதி.

ரிப்பேர் செலவு எவ்வளவு போனா, பேசாம புதுசாவே பண்ணிடலாம்னு சொல்வீங்க?

செய்ய வேண்டிய ரிப்பேர்களின் மொத்தம் முழுப் புதுப்பிப்பின் பாதியைத் தொட்டால் நான் புதுப்பிப்பின் பக்கம் சாய்வேன். அதைவிட முக்கியமாக இன்னொரு கேள்வி கேட்பேன்: இதே இடத்துக்கு இது எத்தனையாவது ரிப்பேர்? அதே கசிவுக்காக இரண்டாவது தடவை காசு கேட்டால், காரணம் இன்னும் பிடிபடவில்லை. மூன்றாவது தடவைக்குப் பணம் ஒதுக்காதீர்கள், மேலே சொன்ன சோதனைகளைச் செய்து காரணத்தைப் பிடியுங்கள்.

புதுப்பிப்பு என்று முடிவானால், பேசிய தொகைக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் தனியாக வைத்திருங்கள். தரையைத் திறந்த பிறகுதான் தெரியும் விஷயங்கள் எப்போதும் இருக்கும். அந்தப் பணம் இல்லாமல் தொடங்கினால், கடைசியில் வெட்டப்படுவது கண்ணுக்குத் தெரியாத வாட்டர்ப்ரூஃபிங்தான். எனக்கு மனசு கேட்காத இடம் அது. டைல்ஸில் விலை குறைந்ததை வாங்குங்கள், அடியில் போவதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

எத்தனை நாள் ஆகும்? எங்க வீட்ல ஒரே பாத்ரூம்தான்.

ரிப்பேர்கள் ஒன்றிரண்டு நாள். முழுப் புதுப்பிப்பு இரண்டு முதல் நான்கு வாரம். உடைப்பு, குழாயும் மின்சாரமும், பூசுவேலை, வாட்டர்ப்ரூஃபிங், தண்ணீர் நிறுத்திச் சோதனை, டைல்ஸ், கிரவுட், கடைசியாகச் சாமான்கள் பொருத்துவது என்று வரிசை போகும். ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று சொல்பவர் காயவிடும் நேரத்தைத்தான் வெட்டப்போகிறார். பூச்சின் முதல் கை காய்ந்த பிறகே இரண்டாவது கை, அது இறுகிய பிறகே தண்ணீர் சோதனை.

ஒரே பாத்ரூம் என்றால் எல்லாச் சாமானும் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகே முதல் சுத்தியல் விழட்டும். நடுவில் டைல் வரவில்லை என்று நிற்பதுதான் அதிக நாட்களைத் தின்கிறது. இரண்டு பாத்ரூம் இருந்தால் ஒன்றை முடித்துப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

அம்மாவுக்கு வயசாயிடுச்சு, வழுக்கி விழுந்துடுவாங்கன்னு பயம். கசிவு எதுவும் இல்ல. உடைக்கணுமா?

உடனே உடைக்க வேண்டாம், உடனே செய்ய வேண்டியவை வேறு. கமோடு பக்கத்திலும் ஷவர் பக்கத்திலும் 85 முதல் 90 செ.மீ. உயரத்தில் பிடிகம்பி போடுங்கள். கெட்டியான சுவரில்தான் போட வேண்டும், பலகைச் சுவர் என்றால் பின்னால் தாங்கல் வேண்டும். வழுக்காத பாய், உட்கார்ந்து குளிக்க உறுதியான நாற்காலி, இரவு வெளிச்சம். உயரம் போதாத கமோடுக்கு மேலே பொருத்தும் உயர்த்தி கிடைக்கிறது. கதவு உள்பக்கம் திறந்தால் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். யாராவது உள்ளே விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர்கள் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

சக்கர நாற்காலி வர வேண்டும், படியே இல்லாமல் தரை சமமாக இருக்க வேண்டும் என்ற நிலை வந்தால், அது வாட்டத்தையும் பூச்சையும் மாற்றும் வேலை. அப்போது முழுப் புதுப்பிப்புதான். கதவின் திறப்பும் 80 செ.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் வீட்டை விற்கப் போறோம். எதுக்குச் செலவு பண்ணணும்?

அழகுக்காகச் செலவு வேண்டாம். வாங்குபவர் அவர் விருப்பப்படி மாற்றிக்கொள்வார். கிரவுட், சிலிக்கான், நன்றாக மூடும் குழாய்கள், சுத்தமான விளக்கு போதும். கசிவு இருந்தால் மட்டும் சரிசெய்யுங்கள், அல்லது இருக்கிறது என்று சொல்லி விலையில் கழியுங்கள். ஓதத்தின் மேல் பெயிண்ட் அடித்து ஒப்படைப்பது அங்கே குடிவரப்போகும் குடும்பத்துக்குச் செய்யும் தீங்கு.

ஒருத்தர் முழுசா உடைக்கணும்ங்கிறார், இன்னொருத்தர் கிரவுட் போட்டாப் போதும்ங்கிறார். யாரை நம்புறது?

இரண்டு பேரிடமும் ஒன்றே கேளுங்கள்: தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? சோதனை செய்து பதில் சொல்பவரை நம்புங்கள். வாசலில் நின்று எட்டிப் பார்த்து முடிவு சொன்னவர் சரியாகவே சொல்லியிருந்தாலும் அது ஊகம்தான். வேலை ஒப்படைக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: பூச்சு எத்தனை கை, சுவரில் எவ்வளவு உயரம், குழாய்களை மூடுமுன் அழுத்தச் சோதனை உண்டா, டைல்ஸுக்கு முன் 24 மணி நேரத் தண்ணீர்ச் சோதனை உண்டா, இடிபாட்டை அகற்றுவது யார் பொறுப்பு. குழாய்களை மூடும் முன் பக்கத்தில் அளவு டேப்பை விரித்து வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் துளை போடும்போது அந்தப் படம் கைகொடுக்கும்.

போன வருஷம்தான் முழுசாப் புதுப்பிச்சோம். இப்ப திரும்பவும் கீழ ஓதம். மறுபடியும் உடைக்கணுமா?

பதற வேண்டாம். புதிய வேலையில் பூச்சு மொத்தமாகத் தோற்பது குறைவு, ஏதாவது ஓர் இடத்தில் அறுந்திருக்கும். அதிகம் பார்ப்பது மூன்று இடங்கள். ஒன்று, வடிகால் வாயும் பூச்சும் சேரும் வளையம். இரண்டு, கமோடையோ ஷவர்க் கண்ணாடியையோ நிறுத்தத் தரையில் போட்ட திருகுத் துளைகள். பூச்சு முடிந்த பிறகு துளைபோட்டு, நேராகத் திருகை இறக்கியிருப்பார்கள். மூன்று, வாசல்படி. பூச்சு அங்கே மடிந்து ஏறாமல் நின்றிருந்தால் தண்ணீர் படிக்கு அடியில் வெளியேறும், ஓதம் கதவுச் சட்டத்தின் காலில் முதலில் தெரியும்.

தண்ணீர் நிறுத்தும் சோதனையை இந்தத் தடவை பகுதி பகுதியாகச் செய்யுங்கள். வடிகாலைச் சுற்றிக் களிமண்ணால் சின்ன வரப்பு கட்டி, வரப்புக்கு உள்ளே மட்டும் ஒரு நாள் தண்ணீர் நிறுத்துங்கள். பிறகு வடிகாலை விட்டுவிட்டு மற்ற இடத்தில் மட்டும். எந்த நாளில் கீழே ஈரம் கூடுகிறது என்று பார்த்தால் இடம் பிடிபடும். வடிகால் வளையம்தான் என்றால் அதைச் சுற்றி நான்கு டைல்ஸை எடுத்து, பழைய பூச்சின் மேல் ஒரு சாண் அகலம் ஏறும்படி அதே வகைப் பூச்சை வலையோடு சேர்த்துப் போட்டு அடைக்கலாம். முதல் கேள்வியில் சொன்ன விதிவிலக்கு இதுதான். பழைய பூச்சு புதியதாக, உறுதியாக இருப்பதால் இங்கே ஒட்டு பிடிக்கும். திருகுத் துளை என்றால் திருகைக் கழற்றி, துளையைக் காயவைத்து, சீலண்ட் நிரப்பி மறுபடி இறக்கினால் போதும். வேலை செய்தவரைக் கூப்பிட்டு, சோதனை நடக்கும்போது பக்கத்தில் நிற்க வையுங்கள். கீழே ஈரம் கூடுவதை நேரில் பார்த்தவர் பொறுப்பை மறுப்பது கடினம்.